சொந்த ஊர் கேட்டவன்

“எந்த ஊரு?”

தீவுக்குப் போகும் ஃபெர்ரிப் படகில் ஒரே சாரல்... பட்டர்வொர்த்தில் ஏறிய அந்தப் புது முகம், தன் குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டே கேட்டது.

“டத்தோ கிராமாட்,” என்றாள் நல்லம்மாள்.

“அது வீடு இருக்கிற இடம்... சொந்த ஊரு?”

“அதான் சொன்னேனே! பிறந்தது, படிச்சது, இப்பப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறது, எல்லாம் அங்கதான்.”

“அப்பா பிறந்த ஊரு?”

“அதை அப்பாவைத்தான் கேக்கணும். கூட்டிட்டு வரட்டுமா?”

அவன் சிரித்துவிட்டான். நனைந்த அந்தக் கண்களில் குறும்பில்லை... ஏதோ ஒரு ஏக்கம். பெயர் மெய்யநாதன். தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தைப்பிங்கில் கிடைத்த கடை வேலையும், ரப்பர் விலை விழுந்ததில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தமிழர் சங்கத்தில் வாதம்: புதிதாக வருகிறவர்களை நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்று பேச எழுந்த நல்லம்மாள், எதிர்ப்பக்கத்தில் அவனைக் கண்டு தடுமாறித்தான் போனாள்.

“இருக்கிறவங்களுக்கே வேலை இல்ல. அப்பாமாரு வேலை போயி, என் வகுப்புல பாதி பெஞ்சு காலி. இன்னும் எத்தனை கப்பல்?”

“உங்க அப்பா வந்தப்ப யாராவது இப்படிக் கேட்டிருந்தா...” என்றான் அவன் மெல்ல, “இந்தப் பேச்சை நாங்க கேட்டிருக்க முடியாதே, டீச்சர்?”

கைகள் உயர்ந்தன. ஜெயித்தவள் அவள்தான்.

“சரிதான் லா, டீச்சர்,” என்றான் வாசலில். “மொத ஆளா நானே போறேன். வியாழக்கிழமை கப்பல்.”

இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வை எப்போது கற்றுக்கொண்டான்! போகாதீங்க... தொண்டை வரை வந்தது. ஊரறியப் பேசிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? 

வியாழக்கிழமை துறைமுகத்தில் மறுபடியும் மழை. கப்பல் கம்பெனி ஆள் சீனி முகம்மது ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு, தம்பி?”

“டத்தோ கிராமாட்!”

மூச்சிரைக்கப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்கு மெய்யநாதன் திரும்பினான்.

“டீச்சர்... நிறுத்தணும்னு சொன்னது நீங்கதானே?”

“வரப்போறவங்களைச் சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்வேன். வந்துட்டவங்களை... போகச் சொன்னேனா?”

“தம்பி, ஏறுறியா, வழி விடுறியா?” என்றார் சீனி முகம்மது.

அவன் விலகி நின்றான். “வேலை?”

“தேடலாம்.”

“உங்க அப்பா?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். ‘பையன் எந்த ஊரு’ன்னுதான் முதல்ல கேட்டாரு...”

“என்ன சொன்னீங்க?”

நல்லம்மாள் தன் குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

“என் ஊருன்னு சொல்லிட்டேன்...”