உபயக் கல்

2093 பிப்ரவரி முதல் ஞாயிறு காலை, காசிமேடு துறைமுகத்தின் அடித்தரையில் சிப்பிப்பாறை வேலைக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வருவதாகச் சொன்னவர்கள் முந்நூறு பேர்.

வேலை ஒன்றும் கடினமல்ல. கழுத்தில் செவுள்பட்டையைக் கட்டிக்கொண்டால் குழந்தைகூடத் தண்ணீருக்குள் மூச்சுவிட்டபடி நடக்கலாம், பேசலாம். கல்லைத் தூக்கிவைப்பதற்கு ஆழன்கள் இருந்தன. எட்டுக் காலில் நடக்கும் எந்திரங்கள். மனிதர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: வேகமாக வளரும் விரைசிப்பிக் குஞ்சுகளைக் கையால் கல்லில் பதிப்பது. எந்திரப் பிடியில் அவை நசுங்கிவிடும்.

வேலையை முன்னின்று நடத்திய பவுலினுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. உயர்ந்த கடல் அவள் தெருவின் வாசல்வரை வந்து நின்றது. ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள்ளேயே வரும். சாமான்களைப் பரணில் ஏற்றுவது வருடாந்திர வழக்கமாகியிருந்தது. தெருவுக்கு எதிரே கட்டில் அகலக் கற்களை வரிசையாகப் போட்டு விரைசிப்பி வளர்த்தால், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி மழைக்காலத்துக்குள் ஆளுயரச் சுவராகும். அலை அங்கேயே உடையும். ஞாயிறு மட்டும் வரும் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு வரிசையில் பாதிகூட முடியாது.

“ஒரு உபயம்னு எழுதக்கூட வழியில்லன்னா எவன் வருவான்?” என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேசிங்கு. “கோயிலு டியூப்லைட்ல வெளிச்சம் மறையிற மாதிரி பேரு எழுதுன பரம்பர நம்ம பரம்பர. கல்லுல பேரு போடு பவுலினு, அப்பால பாரு கூட்டத்த!”

கூட்டம் வந்தது. அடுத்த ஞாயிறே செவுள்பட்டை தீர்ந்துபோயிற்று. கல்லின் மேல்முகத்தில் முதலில் பெயர் வந்தது. பிறகு தகப்பனார் பெயர், பட்டம், சிரித்த முகம். கடைசியில் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ‘அன்புத் தம்பிகள்’. மார்ச் முடிவதற்குள் வரிசை நிறைந்தது. எல்லோரும் கல்லோடு படம் எடுத்துக்கொண்டு கரையேறினார்கள்.

ஏப்ரலில் ஓர் ஆழன் பவுலினை நிறுத்தியது. படகுக்காரர்களிடம் பேச்சுப் பழகிய எந்திரம் அது.

“யக்கா, ஒரு சிப்பிகூட ஒட்ல. பதிச்சதெல்லாம் வழுக்கி வுழுந்துடுச்சி.”

“ஏன்?”

“சிப்பி ஏறுனா பேரு மறைஞ்சுபூடும்ல? அதுக்குன்னு கப்பலுக்கு அடியில பூசுற வழுக்குப்பூச்ச அல்லாரும் பூசிக்கீறாங்க. ரெண்டு கோட்டிங்கு. கல்லு கண்ணாடியாட்டம் கீது.”

“அடிப்பக்கமும் பூசிக்கீறாங்களா?”

“அடிப்பக்கம் சேத்துல கீது. அங்க எவன் பாக்கப்போறான்?”

பவுலின் சிரித்துவிட்டாள். “அப்ப அல்லாத்தையும் பொரட்டிப் போடு.”

“பேரு சேத்துக்குள்ள பூடுமே?”

“அங்க பத்திரமா இருக்கும். சிப்பி ஏறாது.”

ஒரு வாரத்தில் வரிசை புரண்டது. கடைசியாக ஒரு கல்லருகே ஆழன் நின்றது.

“இதுவுமா யக்கா?”

பவுலின் வீட்டு வாசலுக்கு நேரெதிரே கிடந்த கல் அது. தண்ணீர் கலங்காத நாளில் சன்னலிலிருந்தே படிக்கலாம்: ‘பவுலின் ஆரோக்கியசாமி, தலைமைத் தன்னார்வலர்.’ எழுத்தின்மேல் பூச்சு மினுங்கியது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். “ஒண்ணுதான? இருந்துட்டுப் போவட்டும்.”

பழைய ஒன்பது பேரும் ஞாயிறுக்குக் காத்திராமல் கோடை முழுவதும் தினமும் குஞ்சு பதித்தார்கள். படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அதனால் சண்டையும் வரவில்லை. புரட்டிய கற்களின் பூச்சில்லாத பக்கத்தில் சிப்பி பிடித்தது. ஆடியில் இடுப்புயரம், புரட்டாசியில் ஆளுயரம். சிப்பிகள் வடிகட்டி வடிகட்டித் துறைமுகத் தண்ணீர் பளிங்கானது. சன்னலிலிருந்து பார்க்கும்போது பவுலினின் பெயர் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிந்தது.

ஐப்பசிப் புயல் இரண்டு நாள் அடித்தது. சிப்பிச்சுவர் அசையவில்லை, அலைகள் அதில் மோதி நுரையாகி விழுந்தன. தேசிங்கு வீட்டில் விரித்த பாய்கூட நனையவில்லை. தெரு முழுவதும் பரணில் ஏற்றிய சாமான்களை ஈரம் படாமல் இறக்கியது.

சுவரில் ஒரே ஓர் இடைவெளி இருந்தது. ஒரு கல் அகலம். அதன் வழியாக வந்த கடல் நேரெதிர் வீட்டில் மட்டும் புகுந்தது.

பவுலின் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.