சிரிப்பை முதலில் எடுத்தோம்

ஈப்போவுக்கு வடக்கே, செமோர் ஊரைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே பாழடைந்து கிடந்த பழைய ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முன் எங்கள் வேன் நின்றது. 'கடைசி லயம்' பேய்ப்படத்தின் ஆறாம் பாகம். கடைசி என்று பெயர் வைத்துவிட்டு ஆறு பாகம் எடுக்கும் துணிச்சல் இயக்குநர் ஜெயபாலன் அண்ணனுக்கு மட்டும்தான் உண்டு. முதல் பாகத்துக்கு ஈப்போவே நடுங்கியது. ஐந்தாம் பாகத்தில் பேய்க்கு ஒரு தங்கச்சி வந்தாள். ஆறாவதன் கதையைக் கேட்டதும், முந்தைய ஐந்து பாகத்திலும் பிணமாக நடித்த கலாதேவி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நான் கேமராமேன். வேறு ஆள் கிடைக்காததால் என் மனைவி தினேஸ்வரியைக் கேட்டார்கள். பாலர் பள்ளி ஆசிரியையான அவள், "சும்மா படுத்துக் கெடக்கறதுதானே, வாரேன்லா" என்று வந்துவிட்டாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிணமாக நடிப்பவர், காட்சி முடிந்து 'கட்' சொன்னதும் பாடையிலிருந்து எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் படத்தில் சேர்க்க மாட்டோம். ஆனால் எடுக்காமல் விடவும் மாட்டோம். கேமரா கடைசியாகப் பார்த்தது உயிருள்ள முகமாக இருக்க வேண்டும்.

அன்று மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சிரிப்ப மொதல்லயே எடுத்துருவோம்லா. மழ பிடிச்சா ஒன்னும் முடியாது" என்றார் ஜெயபாலன். சினிமாவில் எதைத்தான் வரிசையாக எடுக்கிறோம்? யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஒப்பனை செய்யும் புஷ்பலதா அக்கா மட்டும் முகம் சுளித்தார். "படுக்கறதுக்கு முன்னயே எந்திரிச்சிட்டா, அப்பறம் எப்படி எந்திரிக்கும் புள்ள?"

தினேஸ்வரி சிரித்தாள். எடுத்தேன். பிறகு அவளைக் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். அதையும் எடுத்தேன். 'கட்' சொன்ன நொடியில் மழை கொட்டியது. சாமான்களை வாரிக்கொண்டு வேனுக்கு ஓடினோம். அவளும் எங்கள் பின்னால் வந்து ஏறினாள்.

வந்தாள் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை. எப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டே சமைப்பவள், கேட்டதற்கு மட்டும் தலையாட்டினாள். எத்தனை முறை குளித்தாலும் அவள்மேல் பன்னீரும் கற்பூரமும் கலந்த வாசனை போகவில்லை. தூங்கும்போது மல்லாந்து, கால் பெருவிரல்களைச் சேர்த்து வைத்தே படுத்தாள். கிளினிக்கில் இரத்த அழுத்தம் குறைவு, ஓய்வு எடுக்கட்டும் என்றார்கள்.

ஒரு நாள் காலை அவள் வாயைத் துடைத்துவிட்டேன். முந்தின இரவு சாப்பிட்ட சோறு அப்படியே உள்ளே இருந்தது.

அவள் விழுங்கவே இல்லை.

படம் வெளியானதும் ஈப்போவில் பகல் காட்சிக்கு அவளை அழைத்துப் போனேன். கொஞ்சம் தெளிவாள் என்று ஓர் ஆசை. அரங்கில் பாதி காலி. வந்தவர்களும் பேயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடைக் காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒருவன், "அக்கா, எந்திரிச்சு வீட்டுக்குப் போங்கலா" என்றான். மறுபடியும் சிரிப்பு.

என் பக்கத்தில் அவள் கன்னம் நனைந்திருந்தது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. குரல் மட்டும் மெல்ல வந்தது.

"நா இன்னும் எந்திரிக்கலங்க."

அன்று சிரிப்பை முதலில் எடுத்ததும், கிடத்திய பிறகு அவள் எழுந்ததை எடுக்காமல் ஓடியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே ஜெயபாலன் அண்ணனையும் புஷ்பலதா அக்காவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அதே லயம், அதே இடம், அதே பாடை. அவளைக் கிடத்தினோம். கேமராவை ஓடவிட்டேன். அவள் எழாவிட்டால் என் வாழ்க்கை அதோடு முடிந்தது.

"கட்" என்றார் ஜெயபாலன்.

ஒரு காக்கை கத்தியது. செம்பனை ஓலை உரசியது.

அவள் எழுந்தாள். கேமராவைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். பழைய தினேஸ்வரி. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். புஷ்பலதா அக்கா சூடம் சுற்றிப் போட்டு, "நல்லாயிருடி" என்றார். அவளை வேனில் ஏற்றிவிட்டு வந்துதான் கேமராவை நிறுத்தினேன்.

வேனில் அவள் வாய் ஓயவில்லை. செமோரில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடிக்கலாம் என்றாள், ரொட்டி சானாய் வேண்டும் என்றாள். எனக்கும் பசித்தது. சிரிப்பு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க, கேமராவின் சின்னத் திரையைத் திறந்து ஓடவிட்டேன்.

பாடையில் கிடக்கிறாள். 'கட்' என்ற குரல் கேட்கிறது.

அவள் எழவில்லை.

திரைக்கு வெளியே என் அழுகை கேட்கிறது. அக்காவின் "நல்லாயிருடி" கேட்கிறது. யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்கிறது. திரையில் தினேஸ்வரி அப்படியே கிடக்கிறாள். எங்கள் காலடிச் சத்தம் விலகிப் போகும்போது அவள் உதடு மட்டும் அசைகிறது.

"என்னங்க... விட்டுட்டுப் போவாதீங்க."

பக்கத்திலிருந்து ஒரு வெதுவெதுப்பான கை நீண்டு வந்து திரையை மூடியது.

"போதும்லா" என்றாள் அவள். "வீட்டுக்குப் போலாம்."