அறுபத்தொரு வினாடி

நிறுத்திய பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தட்டிய மாத்திரத்தில் நிற்கிற விசிறி உலகத்தில் கிடையாது. ஆனால் வல்லிநாயகம் வீட்டு விசிறி நாற்பது வினாடியில் நின்றுவிடும். வாங்கி மாட்டிய அன்றைக்கே அளந்து வைத்திருந்தார். குற்றாலத்தில் சாரல் பிடித்துப் பத்து நாளாகக் குத்துக்கல்வலசையில் வெயிலே இல்லாததால், கூடத்தில் கொடி கட்டி ஈரத் துணிகளை விசிறிக் காற்றில்தான் உலர்த்த வேண்டியிருந்தது. அன்று மத்தியானம், பாதி காய்ந்த வேட்டிகளின் முடைநாற்றத்துக்கும் அடுப்பங்கரையிலிருந்து வந்த வத்தக்குழம்பு வாசனைக்கும் நடுவில் நின்று, சுவிட்சைத் தட்டிவிட்டு வழக்கம்போல் மனசுக்குள் எண்ணினார். நாற்பது வந்தது, போனது. இறக்கைகள் கொடிக்கு மேலே நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசிச் சுற்றில் இரும்போடு இரும்பு உரசுகிற மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

அறுபத்தொன்று.

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

வல்லிநாயகம் பதினான்கு வருஷம் விமானப்படையில் ஜெட் என்ஜின் பார்த்தவர். அவருடைய வேலைக்கு ஒரு எஃகுக் கம்பியும் ஒரு ஸ்டாப் வாட்சும் போதும். எரிபொருளை அடைத்ததும் உள்ளே இருக்கிற சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி அடங்கும். அந்த நேரத்தில் கம்பியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையை என்ஜின்மேல் வைத்தால், காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறும். நல்ல என்ஜின் அடங்கத் தொண்ணூறு வினாடி ஆகும். அதற்கு முன்னால் அடங்கினால் உள்ளே பேரிங் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். இவருடைய பல்லை நம்பித்தான் பைலட்டுகள் ஏறினார்கள்.

அவர்களில் ஒருவன் நல்லதம்பி, தென்காசிக்காரன். பதவியில் எவ்வளவோ உயரத்தில் இருந்தாலும் ஊர்ப் பாசத்தில் இவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். கடைசி நாள் அவன் விமானத்தில் அறுபத்தொரு வினாடிதான் வந்தது. முடிவில் ஓர் உரசலும் கேட்டது. பக்கத்தில் இன்னொரு விமானம் அலறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். மறுநாள் பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், ஒத்திகைக்கு நேரமாகிறது என்று மேலதிகாரி வாட்சைக் காட்டினார். அது பக்கத்து என்ஜின் சத்தம், தொண்ணூறு என்று எழுது என்றார். வல்லிநாயகம் எழுதினார். நல்லதம்பி ஏணியில் கால் வைத்தபடி கேட்டான், “அண்ணாச்சி, வண்டி எப்படி?”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஓடுது.”

அன்று விமானம் விழுந்து நல்லதம்பி செத்ததை, விசாரணையில் பைலட்டின் தவறு என்று முடித்தார்கள். வல்லிநாயகத்துக்கு நன்னடத்தைச் சான்று கிடைத்தது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். படையை விட்டு வந்து வேலை பார்க்கிற தென்காசி அரிசி மில்லில் காதுக்காரர் என்று அவருக்குத் தனி மரியாதை. வெட்கங்கெட்ட மரியாதை.

விசிறியை எண்ணியதற்கு முந்தின நாள் நல்லதம்பியின் மனைவி சுகிர்தம் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர். சொட்டுகிற குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, அவுக குடிச்சுட்டு ஓட்டுனாவன்னு ஊருக்குள்ள சொல்லுதாவ. கோயில்ல என் பக்கத்துல உக்கார மாட்டேங்காவ. அவுக அதத் தொட்டதே கெடையாது. என்ஜினப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கதான? அதுல ஏதும் கோளாறு இருந்துச்சா? இருந்துச்சுன்னா ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு.”

ஒரு வரி. எழுதினால் செத்தவன் பெயர் சுத்தமாகும், இவர் கம்பி எண்ண வேண்டும்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் ஓடிச்சு.”

அடுப்பங்கரை வாசலில் நின்ற சங்கரம்மாள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். சுகிர்தம் காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

விசிறி நின்ற அன்று சாயங்காலம் மில்லில் என்ஜினை அணைத்தார்கள். எப்போதும் இருபது வினாடியில் நிற்கிற பெரிய சக்கரம், தவிட்டுத் தூசிக்குள் யாரையோ தேடுவதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. வல்லிநாயகம் சட்டைப் பையிலிருந்த ஸ்டாப் வாட்சை எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது. வீட்டுக்கு வந்து சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார். பின் சக்கரம் நிற்கவில்லை. கிணற்றில் வாளியைத் தூக்கி வைத்த பிறகும் உருளை வெறுமனே சுற்றியது. எல்லாவற்றின் முடிவிலும் அந்த உரசல்.

மறுநாள் மில்லுக்குப் போகவில்லை. காலையில் ஒரு தாளை எடுத்து, ‘அன்று நான் எழுதிய நேரம்’ என்று தொடங்கினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. சான்றிதழை ஒருமுறை பார்த்தார். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் போட்டார்.

மூன்று மணிக்கு மழை வலுத்துக் கரண்டு போயிற்று. விசிறி தானாக அடங்க ஆரம்பித்தது. அறுபத்தொன்று, உரசல், நிசப்தம். ஓட்டில் விழுகிற தூறலின் சத்தமும், கொடியில் தொங்குகிற சேலை நுனியிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டுகிற நீரின் சத்தமும் மட்டும் இருந்தன.

இல்லை. இன்னொன்றும் இருந்தது. தூரத்தில் பெரிய சக்கரம் ஒன்று சுற்றுகிற முனகல்.

வல்லிநாயகம் டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பியை எடுத்தார். இரண்டு வருஷமாகத் தொடாத கம்பி. பல்லில் கடித்ததும் துருவும் பழைய எண்ணெயும் நாக்கில் கரித்தன. மறுமுனையைச் சுவரில் வைத்தார். ஒன்றுமில்லை. தூணில் வைத்தார். ஒன்றுமில்லை. தரையில், கதவில், தண்ணீர்க் குடத்தில். ஒன்றுமில்லை. ஆனால் முனகல் மட்டும் கூடவே வந்தது. அவர் நடந்தால் நடந்தது.

கம்பியைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தார்.

அடிக்கவில்லை. சுற்றியது.

“ஏட்டி! இங்கன வா!”

சங்கரம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவர் பாயில் சரிந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது.

“என்ன செய்யுது உங்களுக்கு?”

“இதக் கடி. பல்லால கடி. அந்த நுனிய எம் நெஞ்சுல வை. உனக்கும் கேக்குதான்னு சொல்லு.”

அவள் அந்தக் கம்பியை வாழ்நாளில் தொட்டதில்லை. பயந்துகொண்டே கடித்தாள். குளிர்ந்த முனை சட்டைக்கு மேல் அழுந்தியது. அந்த நொடியில், உள்ளே, யாரோ எரிபொருளை அடைத்தார்கள்.

அவருக்குத் தெரிந்தது. கை சட்டைப் பையிலிருந்து வாட்சை எடுத்தது, கட்டை விரல் தானாக அதை அழுத்தியது. டிக். டிக்.

பத்து. மூச்சுக்குள் காற்று இறங்கும் ஊளை.

இருபது. விரல் நுனி மரத்தது. “பேப்பர... எடு” என்றார். “டீச்சருக்கு... எழுதணும். அன்னைக்கு... உரசிச்சு.”

சங்கரம்மாள் அசையவில்லை. கம்பி அவள் பல்லில் நடுங்கியது. அவள் கண்கள் விரிந்தன. விரிந்தபடியே அவர் முகத்தை விட்டு விலகி, சான்றிதழ் மாட்டிய சுவருக்குப் போயின. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். அன்று ஏணியடியில் நின்று அவரும் அப்படித்தான் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

முப்பத்தைந்து.

அவள் கம்பியை வாயிலிருந்து எடுத்தாள். முந்தானையால் மெதுவாகத் துடைத்தாள். அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள். “நல்லாத்தான் ஓடுது. எழுதுறதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். படுங்க.”

இல்லை, பேப்பர், இப்பவே, என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. ஐம்பது. நெஞ்சில் சக்கரம் தளர்ந்தது. ஐம்பத்து நான்கு. ஐம்பத்தேழு. உரசல் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு கூடம் முழுவதும்.

கம்பி தரையில் கிடந்தது. அவர் உள்ளங்கையில் வாட்சின் ஊசி ஒரு முழு வட்டத்தை முடித்து, அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது. பக்கத்தில், மாவு அப்பிய இரண்டு கைகளாலும் தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் சங்கரம்மாள்.