நாச்சிமுத்து வீட்டு எலிப்டிகல்

காலை ஆறரை மணிக்கு நாச்சிமுத்து வழக்கம்போல இருநூறு கிலோ கல்லை உடம்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். மார்பில் நான்கு கொக்கிகளைப் பூட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, வாசல் கம்பியைப் பிடித்தபடி மெதுவாக முதல் அடியை வைத்தார். இத்தனை எடையோடு வேகம் பிடித்துவிட்டால் பிறகு நிற்பது பெரும்பாடு. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் அவசரமாக ஓடி, நிற்க முடியாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போய்விட்டார். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அந்த வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

பிறைநகரில் எல்லோரும் இப்படித்தான் வெளியே போனார்கள். நிலவின் தரைக்கு அடியில் ஐந்து வளையங்களாகக் குடைந்து கட்டிய ஊர் அது. எண்ணூறு பேர், பெரும்பாலும் ஈரோடு, கோபி பக்கத்து ஆட்கள். நிலவின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், சும்மா விட்டால் காலுக்கு வேலையே இராது. எலும்பும் தசையும் கரைந்துபோகும். அதற்காக நிலாக்கல்லைப் பொடித்து, பைகளில் அடைத்து, அங்கியாகத் தைத்தார்கள். கல்லங்கி என்று பெயர். வீட்டுக்கு வெளியே கட்டாயம், வீட்டுக்குள் கழற்றி மாட்டிவிடலாம்.

நாச்சிமுத்து காற்றுப்பம்புகளின் மேற்பார்வையாளர். எண்ணூறு பேர் இழுக்கும் மூச்சும் அவருடைய பம்புகளைத் தாண்டித்தான் வர வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒரு பம்புகூட ஒரு நிமிடம் நின்றதில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள உரிமை உள்ள மனிதர்தான், அந்த உரிமையை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அவருக்கு இப்போது ஒரே ஒரு கவலை. மகள் பூங்கோதை பூமிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் பார்த்தாள். அவளுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னும் ஒன்பது மாதம். பூமிக்குப் போகிறவர்களுக்குக் கால்வலுச் சோதனை உண்டு. எழுபது எண்ணுக்கு மேல் வாங்கியவர்கள் அங்கே சொந்தக் காலில் நடக்கலாம். அதற்குக் கீழே என்றால் உருள்நாற்காலி. ஐம்பதுக்கும் கீழே போனால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். நாச்சிமுத்துவின் எண் அறுபத்தெட்டு. அவர் மனைவி செல்லாத்தாளுக்கு அறுபத்தாறு.

"ஏம்புள்ள, ஊட்டுக்கு ஒரு எலிப்டிகல் வாங்கிப்போடலாமா?" என்று அன்று மாலை கேட்டார் நாச்சிமுத்து.

தட்டில் வளர்த்த கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்த செல்லாத்தாள் நிமிர்ந்தாள். "பொதுக்கூடத்துல இருக்குதே, அதுங்களா?"

அதேதான். இரண்டு மிதிகள், இரண்டு கைப்பிடிகள். மிதியை விட்டுக் கால் எழும்பாது, நீள்வட்டமாகச் சுற்றி வரும். நிலவில் டிரெட்மில் என்கிற ஓடுபொறியில் ஏறினால் ஆள் கூரையில் முட்டிக்கொள்வார். இதில் இடுப்புப் பட்டை கீழே இழுத்துப் பிடிக்க, முழங்காலுக்கு அதிர்ச்சி இல்லாமல் மிதித்துக்கொண்டே இருக்கலாம். தினமும் அரைமணி நேரம் மிதித்தால் ஆறு மாதத்தில் பத்து எண் கூடும் என்று விளம்பரம் சொன்னது.

"அங்க ஏழு மெசின் இருக்குதுங்களே. போயி ஓட்டுனா ஆவாதுங்களா?"

"வரிசையில நிக்கோணும் புள்ள. பம்பு மேற்பார்வையாளன் போயி வரிசையில நின்னா நல்லாவா இருக்கும்?"

"எவ்வளவு எடைங்?"

நாச்சிமுத்து சற்றுத் தயங்கினார். "அம்பத்தேழு கிலோ."

செல்லாத்தாள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். பூமியிலிருந்து சாமான் வரவழைக்க ஒரு குடும்பத்துக்கு ஆறு வருடத்துக்கு ஒருமுறை அறுபது கிலோ எடைப்பங்கு. அதில் ஒரு கிரைண்டர் வாங்க வேண்டும் என்று அவள் ஆறு வருடமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். கப்பலில் வரும் மாவுப்பொடியில் சுட்ட இட்லியைத் தின்று தின்று அவளுக்கு இட்லியின் மேலேயே வெறுப்பு வந்திருந்தது.

"கிரைண்டருக்குன்னு வெச்சிருந்ததுங்க அது," என்றாள்.

"கிரைண்டர் இல்லாம இத்தன நாளு உசுரோடதான இருக்கோம்? எம்மவ கண்ணாலத்துல, அத்தன சனத்துக்கு முன்னால, என்னைய நாக்காலியில வெச்சுத் தள்ளிட்டுப் போனா எப்படி இருக்கும்? சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க? பொண்ணப் பெத்தவன் சொந்தக் காலுல நடந்து மண்டபத்துக்குள்ள போவோணும்."

செல்லாத்தாளுக்கும் அதே ஆசைதான். நான்கு வருடமாகத் தொடாத மகளை நின்றுகொண்டு கட்டிப்பிடிக்க வேண்டும்.

"சரிங்க. வாங்குனா தெனமும் ஓட்டுவீங்களா?"

"ஓட்டாம என்ன? வாங்கறதே ஓட்டறதுக்குத்தான?"

"போன தடவ யோகா விரிப்பும் அதுக்குத்தானுங்க வாங்குனோம்."

"அது வேற, இது வேற. அது வெறும் விரிப்பு. இது மெசின் புள்ள." மெசின் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், விவாதம் முடிந்துவிட்டது தெரிந்தது.

"மிச்சம் மூணு கிலோவுக்குக் காப்பித்தூளு. அதுல நீங்க கை வெக்கப்படாது," என்றாள் செல்லாத்தாள். அப்படியே முடிவாயிற்று.

இரண்டு மாதம் கழித்துச் சரக்குக் கப்பலில் எலிப்டிகல் வந்து இறங்கியது. கறுப்பு உடல், வெள்ளிக் கைப்பிடிகள், மிதித்த அடிகளை எண்ணிக் காட்டும் சிறு திரை. பிறைநகரில் ஒரு வீட்டுக்குள் வந்த முதல் பயிற்சிப்பொறி அதுதான். கூடவே ஓர் உரிமையும் வந்தது. வீட்டில் பயிற்சிப்பொறி உள்ளவர் வெளியே கல்லங்கி அணியத் தேவையில்லை, ஒரு பொறிக்கு ஒருவர் என்று பூமியில் யாரோ விதி எழுதி வைத்திருந்தார்கள். பொறியை வாங்கியவர் அதில் ஏறாமலா இருப்பார் என்று நம்பிய வெள்ளை மனதுக்காரர்கள்.

மறுநாள் காலை நாச்சிமுத்து கல்லங்கி இல்லாமல் வேலைக்குப் போனார். ஓர் அடி வைத்தால் நான்கு அடி பறந்தார். கம்பியைப் பிடித்து நகர்ந்துகொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலாகக் கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்து போனதை ஊரே பார்த்தது. "எங்கூட்டுல எலிப்டிகல் வாங்கியிருக்குதுங். சாயங்காலமா வந்து பாருங்," என்று வழியில் கண்ட ஒவ்வொருவரையும் அழைத்தார்.

வந்தார்கள். முதல் நாள் பதினோரு பேர், அடுத்த நாள் இருபது பேர். மிதியைத் தொட்டுப் பார்த்தார்கள், திரையைத் தட்டிப் பார்த்தார்கள். "ஏறிப் பாக்கலாமுங்களா?" என்று ஒருவர் கேட்டபோது, "இன்னும் ஓட்ட ஆரம்பிக்கலீங், திங்கக்கெழம நல்ல நாளு," என்று சொல்லிவிட்டார் நாச்சிமுத்து. அந்தத் திங்கட்கிழமை ஐந்தாம் வளையத்திலிருந்து ஒரு குடும்பமே வந்துவிட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வியர்த்து வழிய மிதிப்பது மேற்பார்வையாளருக்கு அழகில்லை. ஆட்கள் போனபிறகோ, அன்றைக்குப் பொறியின் பெருமையை ஆறு தடவை விளக்கிய களைப்பு. அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மெல்லிய துணி போட்டு மூடி வைத்தார்.

இன்னொரு சிறு சிக்கலும் இருந்தது. வீட்டுச் சுவரில் கல்லங்கி மாட்ட இரண்டே கொக்கிகள். வருகிறவர்கள் தங்கள் அங்கியைக் கழற்றி மாட்ட வேண்டுமே. நாச்சிமுத்து தனக்குத் தேவையில்லாத அங்கியைக் கொக்கியிலிருந்து எடுத்து, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று, எலிப்டிகலின் வலது கைப்பிடியில் மாட்டினார். அது அங்கேயே தங்கிவிட்டது.

செல்லாத்தாளின் பாடுதான் பெரும்பாடாயிற்று. வீடு தேடி வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் நிலவிலும் அவர்களுக்கு வரவில்லை. தூள் மூன்று கிலோ இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது? வீட்டுக் குழாயில் இரண்டு பேருக்கு அளந்த தண்ணீர்தான் வரும். விருந்தாளிகளுக்கென்றால் ஐந்தாம் வளையத்துப் பொதுக்குழாயில் போய்ப் பிடித்துவர வேண்டும், ஒரு நடைக்கு இரண்டு லிட்டர். போக வர மூன்று கிலோமீட்டர். அங்கி விலக்கு ஒருவருக்குத்தான் என்பதால் அவள் இருநூறு கிலோ கல்லைச் சுமந்துகொண்டே போய்வந்தாள்.

"நீங்க மெசினு வாங்குனீங்க, நானு தண்ணி சொமக்கறேன்," என்றாள் ஒருநாள்.

"ஊரே நம்மூட்டுக்கு வருது புள்ள. ஒறம்பரை, விருந்தாளின்னு நாலு பேரு வர்றது பெருமையில்லையா?"

பெருமைதான். அதை அவளும் மறுக்கவில்லை. உண்மையான காப்பித்தூளில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "இந்த மாதிரி காப்பி நெலாவுலயே இல்லீங்கக்கா," என்று யாராவது சொல்லும்போது அவள் முகமும் மலர்ந்தது. அந்தக் காப்பிக்காகவே சிலர் எலிப்டிகலை மூன்றாம் முறையும் பார்க்க வந்தார்கள். செல்லாத்தாள் நாளுக்கு மூன்று நடை போனாள், சில நாள் நான்கு.

ஆறு மாதம் ஓடிப்போயிற்று. சோதனைக்கூடத்தில் எலும்பாய்வி என்ற இயந்திரன் இருவரையும் படுக்கவைத்துத் தலை முதல் கால் வரை அலசியது. அதற்குத் தூய தமிழ் மட்டுமே தெரியும்.

"செல்லாத்தாள் அவர்களே, தங்கள் கால்வலு எண் எழுபத்தொன்பது. பிறைநகரில் இவ்வாண்டின் மிக உயர்ந்த எண். பாராட்டுகள்."

நாச்சிமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டார். பெண்டாட்டிக்கே எழுபத்தொன்பது என்றால், பொறியின் சொந்தக்காரருக்கு எவ்வளவு இருக்கும்?

"நாச்சிமுத்து அவர்களே, தங்கள் எண் ஐம்பத்து மூன்று."



"தப்பா இருக்குமுங்," என்றார் நாச்சிமுத்து. "எங்கூட்டுல எலிப்டிகல் இருக்குதுங்."

"ஆம். அதன் பதிவையும் பார்த்தேன். கடந்த ஆறு மாதங்களில் மிதிக்கப்பட்ட அடிகள் பூச்சியம். கல்லங்கி இன்றி நடந்த நாள்கள் நூற்று எண்பது. உருள்நாற்காலி ஒன்று பதிவு செய்யட்டுமா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்லாத்தாளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, கிரைண்டரிலிருந்து தொடங்கினால் கப்பல் ஏறும் நாள் வரை போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "உடுங்க. நானு தள்ளிக்கறேன் உங்கள," என்றாள்.

கோபிசெட்டிபாளையத்து மண்டப வாசலில் அவள் அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். பூமியின் முழு ஈர்ப்பும் தோளில் உட்கார்ந்திருந்தது, ஆனால் கால் நடுங்கவில்லை. பூங்கோதை ஓடி வந்தாள். செல்லாத்தாள் நாற்காலியை விட்டுவிட்டு, நான்கு எட்டு வேகமாக நடந்து, மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் நடக்க முடியாத வருத்தம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவள் நடையைப் பார்க்கப் பார்க்க அத்தனை பெருமையாக இருந்தது.

பிறகுதான் அவர் மண்டபத்தைக் கவனித்தார். நிலவிலிருந்து வந்தவருக்கு மட்டும் கொடுக்கிற சலுகை என்று அவர் நினைத்திருந்த உருள்நாற்காலி அங்கே வரிசை வரிசையாக நின்றது. விருந்தினர்களில் பாதிப் பேர் அதில்தான் வந்திருந்தார்கள். மணமேடையின் ஓரத்தில் சம்பந்தி சென்னியப்பனும் பளபளப்பான ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்ததிலிருந்து கோபியைத் தாண்டாதவர்.

சம்பந்தி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் கண் செல்லாத்தாளின் மேலேயே இருந்தது. "நெலாவுல இருந்து வந்து இந்த நடை நடக்கறாங்களே. எப்படீங் இது?"

நாச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. "எங்கூட்டுல எலிப்டிகல் இருக்குதுங்," என்றார்.

"அப்படீங்களா? எங்கூட்டுலயும் இருக்குதுங்," என்றார் சென்னியப்பன், அதைவிடப் பெருமையாக. "இங்க எல்லார் ஊட்டுலயும் இருக்கும். ஆனா எங்களுதாட்டம் வராதுங். வாங்கி இருவத்தெட்டு வருசமாச்சு, இன்னைக்கும் புதுசாட்டவே இருக்குது. ஒரு ஈரத் துண்டுகூட அதுமேல காயப்போட உட்டதில்லீங்."

கல்லங்கி தொங்கித் தொங்கி வளைந்துபோன தன் பொறியின் வலது கைப்பிடி நாச்சிமுத்துவின் நினைவுக்கு வந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவர் எலிப்டிகலைப் பற்றிப் பேசாமல் வாயை மூடிக்கொண்டார்.