கண்ணீர் அஞ்சலிக் கூடாரம்

மலையில் மழை பிடித்துக்கொண்டதும் போதுமணி முதுகுப் பையை இறக்கினாள். அரிசிச் சாக்கில் அவளே தைத்த பை. வார்கள் பழைய காரின் சீட் பெல்ட். இப்படியொரு பையை மாட்டிக்கொண்டு மலையேறிய அவள் அண்ணன் சுருளிவேல் இன்னும் திரும்பவில்லை. வனத்துறையினர் கிழக்குச் சரிவில் தேட, மேற்குச் சரிவுக்கு இவளும் அண்ணனின் கூட்டாளி குபேந்திரனும் வந்திருந்தார்கள்.

குபேந்திரன் பிளக்ஸ் கடைக்காரன். தேதி தப்பாக அச்சாகி மூலையில் கிடந்த பேனர்தான் கூடாரம். சிவப்பு மஞ்சளில் ஒரு பெரியவர் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’.

“அந்தப் பக்கத்த உள்ள வச்சுக் கட்டு. ஆளத் தேடி வந்த எடத்துல இது வேறயா?” என்றாள் போதுமணி.

பேனரின் சாம்பல் நிறப் பின்பக்கம் வெளியே போனது. உள்ளே படுத்தால் பெரியவர் முகத்துக்கு நேரே சிரித்தார்.

விடிந்து மழை விட்டது. எதிரே பெரும் பள்ளம். இறங்கும் தடத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். அருவி இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. பீர் டின்னை வெட்டிச் செய்த அடுப்பும் நனைந்து பற்றவில்லை; புகை காட்டவும் வழியில்லை.

போதுமணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பை கனமே இல்லண்ணே, போயி மாட்டிப் பாத்துட்டு வான்னு நாந்தாண்டா அனுப்புனேன்.”

அவள் கூடாரத்தையே வெறித்தாள். சாம்பல் பாறைமேல் சாம்பல் துணி. சட்டென்று எழுந்தாள்.

“பேனரத் திருப்புடா.”

“அபசகுனம்னு நீதான...”

“அத அப்புறம் பாக்கலாம். பிடி.”

இருவரும் பாறை விளிம்பில் பேனரை விரித்துப் பிடித்தார்கள். கை மரத்துப்போகும்வரை பிடித்தார்கள். எதுவுமில்லை. வெயில் ஏறியபோது எதிர்ச்சரிவில் ஏதோ மினுங்கியது. அணைந்து, மறுபடி மினுங்கியது.

ஈரம் இறங்காமலிருக்க அண்ணன் பைக்குள் அவள் சிப்ஸ் பாக்கெட்டுகளை ஒட்டியிருந்தாள். அந்த வெள்ளித் தாள்தான்! குபேந்திரன் ஆள் கூட்டிவர ஓடினான். அவள் பேனரை விடவேயில்லை.

வனத்துறையினர் கயிறு கட்டி இறங்கி, கால் முறிந்த சுருளிவேலைத் தூக்கி வந்தார்கள்.

“நேத்தே வந்துட்டீங்களா? அந்தக் கூடாரத்தப் பாறைன்னுல்ல நெனச்சேன்,” என்றான் அவன். பிறகு பேனரைப் பார்த்தான். “ஆமா, யாரு செத்தது?”

போதுமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு கம்புகளில் அதே பேனரைக் கட்டி, அதிலேயே அவனைப் படுக்க வைத்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பார்த்தவர்கள் முதலில் பதறி, அவன் கையாட்டியதும் திட்டித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு போதுமணி எந்தப் பை தைத்தாலும் பளிச்சென்ற பக்கத்தை வெளியே வைத்துத்தான் தைக்கிறாள்.