தகட்டைத் தொட்டுட்டு உள்ள வா

டக்… டக்… டக்…

யாருமே இல்லாத பேஸ்கட்பால் கோர்ட்டில் பந்து தட்டும் சத்தம்!

ரீனா படியிலேயே நின்றுவிட்டாள். மணி மூன்றரைதான். ஆனால் சிவகாசி வானம் கும்மென்று இருண்டு கிடந்தது. இடி இறங்கும் என்று பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். மறந்து வைத்த விசிலை எடுக்க வந்தவளுக்கு இப்படியொரு வரவேற்பு…

"கிழக்கு ரிங் பக்கம் போயிறாதீக டீச்சர்… அங்கன மாரிசெல்வி அக்கா வருவாக" என்று கோச்சாகச் சேர்ந்த முதல் நாளே டீம் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு இதே கோர்ட்டில் ஆடியவளாம். பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தவளாம். ரீனா அப்போது சிரித்தாள். சென்னையில் யூனிவர்சிட்டி டீமுக்கே கேப்டனாக இருந்தவள், பேய்க்கெல்லாம் பயப்படுவாளா என்ன?

சத்தம் சட்டென்று நின்றது.

படியில் கிடந்த விசிலை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டு கிழக்கு ரிங்கை நோக்கி நடந்தாள். இரும்புப் போஸ்ட்டில் இரண்டு உள்ளங்கை அடையாளங்கள். மேலே பெரியது ஒன்று, கீழே சின்னது ஒன்று. இரண்டும் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் போலப் புதுசாக இருந்தன.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்…

திரும்பினாள். ஒரு முகம். நெற்றி, கன்னம், கழுத்து, கை எல்லாமே வெள்ளிச் சாம்பல் நிறம். அதில் இரண்டு கண்கள் மட்டும் கறுப்பாக, ஈரமாக, உயிரோடு இருந்தன.

"கர்த்தரே!" விசில் பறந்து போய் அவன் நெற்றியில் பட்டது.

"ஆத்தீ! மனுசந்தான் டீச்சர்… மனுசந்தான்!"

"மனுஷன்னா இப்படியா இருப்பீங்க?"

"அலுமினியப் பொடி டீச்சர். பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற எடத்துல போர்மேன். பேரு பாண்டிராஜ். மின்னல் கண்டா வேலையை நிறுத்திருவாக, அதான் நேரத்தோட வந்துட்டேன்."

"வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? இங்க என்ன வேலை?"

"பந்து தட்ட வந்தேன்."

"ரிங்ல போட மாட்டீங்களா?"

"போடத் தெரியாது." சிரித்தான். அந்தச் சாம்பல் முகத்தில் சிரிப்பு வந்த இடம் மட்டும் வெளிச்சமாயிற்று. ரீனாவின் நெஞ்சு படபடத்தது. பயத்தில்தான், வேறு ஒன்றுமில்லை… என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே?" அவன் விசிலைத் துடைத்து நீட்டினான். "நேத்து சுவருக்கு அங்கிட்டு நின்னு பாத்தேன். வள்ளித்தாய்ப் புள்ளைக்கு ஓடிப்போய்ப் பந்து போடுறதை இருபது தடவை ஆடிக் காமிச்சீக. பாக்க அம்புட்டு அழகு! ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஏறல. நீங்க நல்லா ஆடுறீக டீச்சர்… அதான் பிரச்சினையே."

சுருக்கென்றது. ஏனென்றால் அன்றைக்கு இதை அவள் கேட்பது இரண்டாம் முறை. காலையில்தான் ஹெட்மாஸ்டர் சீனிவாசகம் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். "காலேஜ்ல ஸ்டாரா ஆடுனவக எல்லாம் நல்ல கோச்சாயிர முடியுமாம்மா? போன மேட்ச்சு நாப்பது பாயிண்ட்ல தோத்திருக்கோம். சனிக்கிழமை விருதுநகர்லயும் இதே கதைன்னா டீமைக் கலைச்சிட்டு இந்தக் கோர்ட்ல சைக்கிள் ஷெட்டு போட்டுருவேன்." டீம் இல்லையென்றால் ரீனாவுக்கு அங்கே வேலையும் இல்லை.

"ரிங்ல போடவே தெரியாதவரு எனக்குச் சொல்லித் தர்றீங்களா? முதல்ல வெளிய போங்க!"

அவன் போய் அந்தப் போஸ்ட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கிப் போனான். அன்று மாலையே வாட்ச்மேன் நாகையாவிடம் சொல்லிப் பின்வாசலைப் பூட்ட வைத்தாள். ஈரத்துணியால் போஸ்ட்டையும் பளிச்சென்று துடைத்துவிட்டாள்.

மறுநாள் பந்து சத்தம் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்… ஆனால் அவள் பார்வை மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் சுவரைத் தாண்டிப் போய் வந்தது. அந்தக் கறுப்புக் கண்கள் வரவே இல்லை. வள்ளித்தாய்க்கு இன்னொரு இருபது தடவை ஆடிக் காட்டினாள். அவளுக்குப் பந்து ஒருமுறைகூட விழவில்லை.

வியாழக்கிழமை காலை பிராக்டிஸுக்கு வந்தவளுக்கு உடம்பு சில்லிட்டுப் போனது.

துடைத்துவிட்ட போஸ்ட்டில் ஒரே ஒரு கை. சின்னக் கை. ஈரம்கூடக் காயாத மாதிரி மின்னியது. ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள், பூட்டியிருந்தது. பிள்ளைகளின் கைகளைப் பார்த்தாள், எல்லாம் சுத்தமாக இருந்தன.

ஆடிக் காட்ட எழுந்தால் பார்வை அந்தச் சின்னக் கைக்கே போனது. வேறு வழியில்லாமல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஆடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளித்தாய் ஓடி வந்தாள், குதித்தாள், பந்து போர்டில் பட்டு வெளியே போனது. இன்னொரு தரமும் அப்படியே. மூன்றாவது தரம் ரீனாவின் கண் பந்தை விட்டுக் காலுக்கு இறங்கியது. வலது கையால் போடுகிறவள் வலது காலாலேயே குதிக்கிறாளே!

"வள்ளித்தாய்… இடது கால்ல குதி."

பந்து சொளக்கென்று வலைக்குள் இறங்கியது.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்!"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தான் எந்தக் காலில் குதிக்கிறோம் என்பதே அதுவரை ரீனாவுக்குத் தெரியாது. அவள் உடம்புக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்குப் போனாள். அன்றும் மின்னல். சாத்தூர் ரோட்டோரத்து வேப்பமரங்களுக்கு அடியில் முப்பது நாற்பது வெள்ளி மனிதர்கள் பேச்சில்லாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜோடிக் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

"எறியறதுக்கு விசில் கொண்டாந்தீகளா டீச்சர்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்… ஆடிக் காட்டினா ஏறாதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"புதுசா ஆள் சேந்தா நான் கலக்கிக் காமிக்க மாட்டேன். அவக கையிலதான் என் கண்ணு இருக்கும். இங்கன தப்பு நடந்துச்சுன்னா ரெண்டாந்தடவை சொல்லித் தர ஆள் இருக்க மாட்டாகளே…"

பின்னால் வரிசையாக இருந்த சின்னச் சின்ன அறைகளைக் காட்டினான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. உடம்பில் இருக்கும் கரண்ட் பொறியாகி மருந்தில் பற்றாமல் தரையில் இறங்குவதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும்.

"மாரிசெல்வி என் தங்கச்சி" என்றான். குரல் இறங்கியது. "விளையாட்டுக் கோட்டாவுல காலேஜ் சீட்டு கெடைச்சிருச்சு. அதை எங்கிட்டச் சொல்ல சந்தோசத்துல ஓடி வந்திருக்கா. தகட்டைத் தொடாமலே உள்ள போயி, வழியில இருந்த மருந்துச் சட்டியை நகத்திட்டா. தெனமும் எல்லாருக்கும் 'தகட்டைத் தொட்டுட்டு உள்ள வா'ன்னு சொல்ற நான், அந்நேரம் பாத்து லோடு ஏத்தப் போயிட்டேன்…"

ரீனா அந்தச் செம்புத் தகட்டையே பார்த்தாள்.

"ரிங்ல போடச் சொல்லித் தாரேன்னு சொல்லியிருந்தா. அதுக்குள்ள போயிட்டா, அதான் எனக்குத் தெரியாது. அவ தொட மறந்ததை அவளுக்காக நான் தொடுறேன், அந்தப் போஸ்ட்டுல. வேற ஒண்ணுமில்ல டீச்சர்."

தொட ஓர் இடம்… அதையும் பூட்டிவிட்டாளே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் நாலு மணிக்குக் கோர்ட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மேட்ச்சில் ரீனா பெஞ்சைவிட்டு எழவே இல்லை. பிள்ளைகளின் காலையும் கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பாயிண்டில் தோற்ற டீம், இரண்டே இரண்டு பாயிண்டில் தோற்றது. வள்ளித்தாய் மட்டும் பதினாறு பாயிண்ட்! சீனிவாசகம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சைக்கிள் ஷெட்டுக்கு வேற எடம் பாத்துக்கிருவோம்மா" என்றார்.

நாலு மணிக்குக் கோர்ட்டுக்குத் திரும்பினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்வாசலை அவளே திறந்துவிட்டாள். பாண்டிராஜ் குளித்துவிட்டு வந்திருந்தான். பொடியில்லாத அவன் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. கருத்த முகம், இடது கன்னத்தில் ஒரு பழைய தீத்தழும்பு… கண்கள் மட்டும் அதே கண்கள்.

"என்ன டீச்சர் அப்பிடிப் பாக்குறீக? வெள்ளியா இருந்தப்பவே நல்லா இருந்தேனோ?"

"சும்மா இருங்க…" சிரித்தவள் போஸ்ட்டைப் பார்த்ததும் நிறுத்தினாள். "பாண்டிராஜ்… மேல இருந்த பெரிய கை உங்களுது. இந்தச் சின்னக் கை யாருது?"

"உங்க டீம் பிள்ளைக யாராச்சும் தொட்டிருப்பாகன்னுல்ல நெனச்சேன்?"

"அவங்க இந்தப் பக்கமே வர மாட்டாங்க. நான் துடைச்ச பிறகு, கேட் பூட்டியிருந்தப்ப வந்தது இது. இதைப் பாத்துப் பயந்துதான் நான் ஆடாம உக்காந்தேன். அதனாலதான் அந்தக் காலே என் கண்ல பட்டது…"

இருவரும் அதையே பார்த்தார்கள். தூறல் அதன்மேல் வழிந்து இறங்கியது. வெள்ளி கரையவில்லை. அவன் உதடு துடித்தது.

"சொல்லித் தாரேன்னு சொன்னா…" என்றான் மெதுவாக. "எனக்கு இல்லன்னாலும் அந்த வள்ளித்தாய்ப் புள்ளைக்கு… சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா போல. பயமா இருக்கா டீச்சர்?"

"இருக்கு. ஆனா இங்கிருந்து போக மனசில்ல." மழையில் நனைந்த இமைகளை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு பாண்டிராஜ். விசிலை எறிஞ்ச அன்னைக்கே பிடிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்… திமிர்ல சொல்லத் தெரியல."

நாலு வருஷமாக யாரையும் உள்ளே விடாத அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

ரீனா அந்தச் சின்னக் கையின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். இரும்பு சுட்டது, மழையில் நனைந்த இரும்பு… யாரோ கை கோத்ததைப் போல. எடுத்தபோது அவள் கையெல்லாம் வெள்ளி. அந்தக் கையை அவனிடம் நீட்டினாள்.

"தொட்டுட்டேன்… உள்ள வரட்டுமா?"

பாண்டிராஜ் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"வா ரீனா" என்றான்.