சுயம்புவைத் தூக்கிக்கொண்டு நூற்றிருபது அடி

"சுயம்பு செத்துட்டான்!"

வைகுண்டராஜ் போட்ட சத்தத்தில், முன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் காவலாளி கருத்தையா அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. டம்ளரை வைத்த இடம் தெரியாமல் வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"யாருலே? நம்ம தெருவுல அம்மை போட்டுப் படுத்திருக்கானே, அந்தச் சுயம்புலிங்கமா? ஆத்தா, தாயே! காலையிலகூட அவங்க அம்மாவப் பாத்தேனே!"

ஜெயபாய் அவசரமாக எழுந்தாள்.

"அண்ணாச்சி, நெசச் சுயம்புக்கு ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்க சுயம்புதான்!"

"கம்ப்யூட்டருக்குள்ளயா? அதுக்குள்ள எப்பம் போனான்?"

சிரிக்கவேண்டிய நேரம்தான். ஆனால் பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது. அந்தச் சாவுக்குக் காரணம் அவள்தான்.

நடந்தது இதுதான். ராஜபாளையத்தில் வைகுண்டராஜின் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை வைத்திருந்தார். ஆலை ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பிள்ளைகள் அதைத் தொடலாம். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் வைகுண்டராஜின் மாமா மகன் பிளாப்பி டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்தது. அதன் ஆங்கிலப் பெயர் வாய்க்குள் நுழையவில்லை. அதனால் பிள்ளைகளே 'பாதாளக்கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நாலு வீரர்கள் ஒன்றாகப் பாதாளத்துக்குள் இறங்கவேண்டும். ஒருவனை வைத்து ஆடவே முடியாது. வாள்வீரனுக்குப் பலம் உண்டு, பொறி கண்ணுக்குத் தெரியாது. பொறி தெரிகிற ஒற்றன் ஒரு அடி தாங்கமாட்டான். மந்திரக்காரி தீயை வரவழைப்பாள், ஆனால் அவளைத் தொட்டால் விழுந்துவிடுவாள். விழுந்தவர்களை எழுப்ப மருத்துவச்சி வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மற்ற மூவர் பாடு திண்டாட்டம்தான்.

வாள்வீரன் வைகுண்டராஜ், ஒற்றன் சுயம்பு, மந்திரக்காரி ஜெயபாய், மருத்துவச்சி பரிபூரணம் என்று நாலு பேருக்கும் அவர்கள் தங்கள் பெயரையே வைத்திருந்தார்கள். எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் அது ஏற்காது. அதனால் வைகுண்டராஜ் 'வைகுண்ட்' ஆனான், பரிபூரணம் 'பரிபூர்' ஆனாள், சுயம்புலிங்கம் வெறும் 'சுயம்பு'. ஜெயபாய் மட்டும் முழுதாகப் பிழைத்தாள்.

திரையில் தெரிவதெல்லாம் பச்சைக் கோடுகள். நாலு கோடு போட்டால் ஒரு சுவர். அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பரிபூரணத்துக்குக் குகையின் ஈர வாசனைகூட வரும். வாரம் முழுக்க அவள் ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருப்பாள்.

இந்த ஞாயிறு சுயம்பு இல்லை. அவனுக்கு அம்மை. "அவன் வரட்டுமே" என்று பரிபூரணம் சொல்லிப் பார்த்தாள். வைகுண்டராஜ் அவசரக்குடுக்கை. "போன வாரம் திறக்காம விட்டுட்டு வந்தோம்லா ஒரு பெட்டி, அத மட்டும் திறந்துட்டு வந்துருவோம்" என்று கிளப்பிவிட்டான்.

பாதாளத்தின் வரைபடம் சுயம்புவிடம் இருந்தது. கணக்கு கிராஃப் நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஒரு அடி என்று அவன்தான் வரைவான். படம் இல்லாமல் மூவரும் பாதாளத்துக்குள் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்தன. வழியில் வவ்வால்கள் கடித்ததில் மருத்துவச்சியின் மந்திரமும் தீர்ந்துபோனது. கடைசியில் பெட்டி கிடைத்தது. சுயம்புவுக்குப் பதிலாகப் பரிபூரணம் விசையை அழுத்தினாள். திறக்கும்முன் மூன்று முறை தட்டிப் பார்க்கவேண்டும். சுயம்பு ஒருநாளும் அதை மறக்கமாட்டான். அவள் மறந்துவிட்டாள்.

பெட்டிக்குள் ஒரு வெள்ளி வாள் இருந்தது. கூடவே ஒரு விஷ ஊசியும் இருந்தது. அது பெட்டியைத் திறந்த ஒற்றன் சுயம்புவைக் குத்திவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுமுடித்த கருத்தையா அண்ணாச்சி, நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"வெளாட்டோ நெசமோ, நோய்ல கெடக்க பிள்ளையப் போயி அந்த வார்த்தை சொல்லலாமா? அவன் பொழச்சு எந்திரிச்சிட்டாம்னு என் காதுல கேக்கணும். கேட்டாத்தான் அடுத்த ஞாயித்துக்கெழமை இந்தக் கதவு திறக்கும்!"

அவர் போனதும் வைகுண்டராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"நம்மகிட்ட மந்திரக்கல் இருக்கு. அத உரசுனா உடனே ஊருக்குப் போயிரலாம். வாளும் நமக்குத்தான்."

"சுயம்பு?" என்றாள் பரிபூரணம்.

திரையில் இருந்த ஆங்கிலத்தை அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு ஜெயபாய் சொன்னாள். "உயிரோட இருக்கவங்கள மட்டும்தான் கல்லு கொண்டுபோகும். அவன இங்கன விட்டுட்டுப் போனா, பேரு அழிஞ்சிரும்."

"நிறுத்திட்டுத் திரும்ப மொதல்ல இருந்து போட்டா?" என்றாள் பரிபூரணம்.

"அதெல்லாம் நடக்காது. செத்த உடனே பிளாப்பியில எழுதிருச்சு."

"புதுசா ஒரு ஒற்றனச் செஞ்சு, அவனுக்கும் சுயம்புன்னே பேரு வைப்போம். அவனுக்கு எங்க தெரியப்போவுது?" என்றான் வைகுண்டராஜ். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பரிபூரணம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வாரம் அவளுடைய மருத்துவச்சி மயங்கி விழுந்தபோது, சுயம்புதான் தன்னிடம் இருந்த கடைசி மருந்தை அவளுக்குக் கொடுத்தான். 'நீ இருந்தாத்தானே எங்களக் காப்பாத்துவ' என்று அப்போது சொன்னான்.

"நான் அவன விட்டுட்டு வரமாட்டேன். தூக்கிட்டுப் போவோம். எத்தன பந்தம் இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. நூத்தியிருபது அடிதான் எரியும். இருட்டாயிட்டா நம்ம மூணு பேரும் காலி. வழியும் தெரியாது" என்றான் வைகுண்டராஜ்.

"வழி தெரிஞ்சவன்கிட்டக் கேப்போம்" என்று சொல்லிவிட்டுப் பரிபூரணம் தெருவில் இறங்கி ஓடினாள்.

சுயம்பு வீடு ஆறு வீடு தள்ளி இருந்தது. நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. வாசலில் அவன் அம்மா மாடத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராதட்டி! ஆத்தா இருக்க வீடு."

"தெரியும் அத்த. சுயம்புவோட கிராஃப் நோட்டு மட்டும் வேணும்."

"தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வீட்டுல இருந்து ஒரு துரும்பு வெளிய போகக்கூடாது."

பரிபூரணம் ஒரு நொடி யோசித்தாள்.

"நோட்டு வரக்கூடாதுன்னா சரி அத்த. அவன் பேச்சு வெளிய வரலாமா?"

மாடத்தி சொம்பைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுக்கு என்ன... அஞ்சு நாளா ஒருத்தரோடயும் பேசாம மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கான். செத்த நேரம் பேசட்டும்."

தெருப்பக்க ஜன்னல் திறந்தது. முகமெல்லாம் கொப்புளமாகச் சுயம்பு தெரிந்தான். பரிபூரணம் நடுத்தெருவில் நின்றுகொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊசியைப் பற்றியும் சொன்னாள்.

"நாந்தான் தட்டிப் பாக்காம விட்டுட்டேன். கோவமாலே?"

சுயம்பு தலையணைக்கு அடியில் கையை விட்டு நோட்டை எடுத்தான். விரல் வைத்துக் கட்டங்களை எண்ணினான்.

"நூத்திப் பதினாறு அடி. நாலு அடி மிச்சம் இருக்கு. நட!"

அதன்பிறகு அந்தத் தெரு கண்டதுபோல ஒரு காட்சியை எந்தத் தெருவும் கண்டிருக்காது. சுயம்பு ஜன்னலில் இருந்து சொல்வான். பரிபூரணம் நடுத்தெருவில் நின்று கத்துவாள். ஆபீஸ் ஜன்னலில் ஜெயபாய் அதை வாங்கி உள்ளே சொல்வாள். வைகுண்டராஜ் விசையை அழுத்துவான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். பதற்றம் வந்துவிட்டால் எண்ணிக்கையும் தெலுங்கில்தான் வரும். "ஒகட்டி... ரெண்டு... மூடு..." என்ற குரல் தெரு வரை கேட்டது.

"முன்னால அஞ்சு! பொறவு வலது பக்கம்!"

ஜெயபாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "வலது பக்கம் ஒரு அடி வெச்சா பள்ளம் இருக்கு! திரும்பி வந்துட்டோம். ரெண்டு அடி வீணாப் போச்சு!"

"படத்துல வலதுதானே இருக்கு!" என்றான் சுயம்பு.

பரிபூரணம் யோசித்தாள். பள்ளிக்கூடம் போகும்போது தேரடி வலது கைப்பக்கம் வரும். வீட்டுக்குத் திரும்பும்போது அதுவே இடது கைப்பக்கம் வரும்.

"ஏலே, நீ உள்ள போற மாதிரி வாசிக்க. நாங்க வெளிய வாரோம். நோட்டத் தலைகீழாத் திருப்பு!"

சுயம்பு நோட்டைத் திருப்பினான். "அட, ஆமா! இடது!"

அங்கிருந்து ஒழுங்காகப் போனது. முப்பது அடி, ஐம்பது அடி, எழுபது அடி. அப்போதுதான் பக்கத்து ஊரான தேவதானத்தில் இருந்து ஒரு பெரியவர் தோளில் இரண்டு இளநீரைப் போட்டுக்கொண்டு, யார் வீட்டையோ தேடி வந்து சேர்ந்தார். பிள்ளைகள் வழி சொல்வது அவர் காதில் விழுந்தது.

"முன்னால நாலு! வலது பக்கம் திரும்பு!"

சின்னப்பிள்ளைதானே என்று நினைக்காமல், அவர் மரியாதையாக நாலு எட்டு வைத்தார். வலது பக்கம் திரும்பினார். சுவரில் முட்டிக்கொண்டார்.

"ஏட்டி! இங்கன சுவருல்லா இருக்கு!"

"ஒங்களுக்கு இல்ல தாத்தா! நீங்க இடது பக்கம் போங்க!"

"இடது பக்கம்!" என்று ஜெயபாய் உள்ளே சொன்னாள்.

"அய்யோ, அது தாத்தாவுக்கு!"

அதற்குள் வைகுண்டராஜ் இடது பக்கம் ஓர் அடி வைத்துவிட்டான். திரும்பி வர இன்னோர் அடி. மிச்சமிருந்த நாலு அடியும் தீர்ந்துவிட்டது. இனி ஒரே ஓர் அடி தப்பினாலும் இருட்டுதான்.

பெரியவரும் போகவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இளநீரைக் கீழே வைத்துவிட்டு நின்றார். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் நின்றார்கள். கருத்தையா அண்ணாச்சி ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"யாரும் பேசாதிய!" என்று அவர் எல்லோரையும் அதட்டினார். அங்கே பேசியது அவர் ஒருவர்தான்.

"நேரா ஆறு!" என்றான் சுயம்பு. அவன் குரல் கம்மிப்போயிருந்தது.

"நேரா ஆறு!" என்று பரிபூரணம் கத்தினாள்.

"நேரா ஆறு!" என்றாள் ஜெயபாய்.

"ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு... ஐது..."

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஆறு! பந்தம் அணைஞ்சிருச்சு... வெளிய வந்தாச்சு!"

பரிபூரணம் ஆபீசுக்குள் பாய்ந்தாள். திரையில் ஊர்க் கோயில் தெரிந்தது. வாசலில் ஒரு சாமியார் உட்கார்ந்து ஏதோ கேட்டார். ஜெயபாய் அகராதியில் தேடித்தேடிப் படித்தாள். "உயிர் திரும்ப வேண்டுமானால்... உங்களிடம் உள்ளதிலேயே அருமையான பொருளைத் தாருங்கள்."

இருந்த அருமையான பொருள் வெள்ளி வாள் ஒன்றுதான். எல்லோரும் வைகுண்டராஜைப் பார்த்தார்கள். அவன் வாளைப் பார்த்தான். முழுசாக ஐந்து நிமிடம்கூட அது அவன் கையில் இருக்கவில்லை.

"எடுத்துக்கோங்க சாமி" என்று விசையை அழுத்தினான்.

திரை ஒருமுறை இமைத்தது. நாலாவது வரியில், 'சுயம்பு' என்ற பெயருக்கு எதிரே, பலம் ஒன்று என்று வந்தது. ஒன்றே ஒன்று. பரிபூரணத்துக்கு அது போதும். அந்த ஒன்றைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாளைக் கொடுத்த வைகுண்டராஜ், தொண்டை கட்டிய ஜெயபாய், ஜன்னலைத் திறந்துவிட்ட மாடத்தி அத்தை, எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

அவள் தெருவுக்கு ஓடினாள்.

"சுயம்பு! நீ பொழச்சிட்ட! பொழச்சு எந்திரிச்சிட்ட!"

தெரு முழுக்கக் கேட்டது. மாடத்தி வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஒன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் தாயி" என்றாள்.

"கேட்டுச்சு, என் காதுலயும் கேட்டுச்சு" என்று கருத்தையா அண்ணாச்சி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். தேவதானத்துப் பெரியவர், கொண்டுவந்த இளநீரில் ஒன்றைச் சுயம்பு வீட்டு வாசலில் வைத்துவிட்டு, சரியான வழி கேட்டுக்கொண்டு போனார்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியபிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சுயம்பு ஆபீசுக்கு வந்தான். முகத்தில் தழும்புப் புள்ளிகள் இருந்தன. திரையைப் பார்த்தான். நாலு பெயரும் ஊரிலேயே இருந்தன.

"இத்தன நாளா கீழ எறங்கவே இல்லையா?"

"நீ இல்லாமலா? ஒரு அடி எடுத்து வைக்கல" என்றான் வைகுண்டராஜ்.

சுயம்பு கிராஃப் நோட்டைத் திறந்து பரிபூரணத்திடம் நீட்டினான். அதில் ஒரு புதுப் படம் இருந்தது. அது பாதாளம் இல்லை. அவர்கள் தெரு. ஒரு ஓரத்தில் அவன் ஜன்னல், மறு ஓரத்தில் ஆபீஸ் ஜன்னல், கட்டம் கட்டமாக ஆறு வீடுகள். நடுத்தெருவில் ஒரு கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் பூசி, 'பரிபூரணம் நின்ன இடம்' என்று எழுதியிருந்தான்.

அவள் அந்த மஞ்சள் கட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"தாத்தா முட்டுன சுவரக் காணோமே?" என்று கேட்டாள்.

"இந்தா, இந்த மூலையில" என்று ஒரு பெருக்கல் குறியைக் காட்டினான் சுயம்பு. நாலு பேரும் சிரித்த சிரிப்பில் கருத்தையா அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னலே, இன்னிக்கு யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அண்ணாச்சி! நாலு பேரும் நல்லா இருக்கோம்!" என்றாள் பரிபூரணம். சுயம்புவுக்கு இடம்விட்டு, நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.